நாற்பத்தாறு மணித்தியாலம்

டென்மார்க்கில் மருத்துவம் ஆறு வருடப் படிப்பு. முதல் மூன்று வருடங்களில் ஒரு பட்டம், அடுத்த மூன்றில் வைத்தியர் பட்டம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான். உள்ளே போக இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவதில் பள்ளிப் புள்ளிகளை மட்டும் பார்ப்பார்கள். என் புள்ளிகள் அதற்குக் காணாது. இரண்டாவதில், பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், எத்தனை மணித்தியாலம் செய்தாய், அதற்கு யார் சாட்சி என்று கேட்பார்கள். மார்ச் பதினைந்தாம் தேதி நண்பகலில் அந்த வாசல் பூட்டப்படும்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஹோர்சன்ஸில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் மாதிரிகளை அளந்து பதிவது என் வேலை. வைத்தியராக வேண்டும் என்ற ஆசை அங்கே வந்ததல்ல. பதின்மூன்று வயதிலிருந்து நம்மவர்களுக்கு டேனிஷ் மொழிபெயர்க்கப் போய், காத்திருக்கும் அறைகளில் இருந்து இருந்து வந்தது. என்னிடம் மணித்தியாலங்களுக்குக் குறைவில்லை. சாட்சிக் கடிதங்கள்தான் இல்லை.

பதினொரு பேரின் பட்டியல் போட்டேன். பெயர், இடம், வருடம், வேலை, மணித்தியாலம், கையொப்பம் என்று ஆறு நிரல்கள். ஆளுக்கு ஒரு டேனிஷ் கடிதத்தை நானே தட்டெழுதி, கையொப்பத்துக்கு மட்டும் இடம் விட்டேன். ஒரு வாரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன்.

அது வன்னியில் கடைசிச் சண்டை நடந்த நேரம். எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அங்கே இருந்த தன் தம்பியின் தொலைபேசி இலக்கத்தை நாளுக்கு இருபது தடவை அழுத்துவார். மறுமுனையில் மணிகூட அடிக்காது. அப்படிப்பட்ட வீடுகளின் கதவைத் தட்டி, 2001இல் உங்களோடு பல் வைத்தியரிடம் வந்தேனே, ஒரு கையொப்பம் வேண்டும் என்று கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மார்ச் பதினைந்து யாருக்காகவும் நகராது.

கொப்பன்ஹேகனுக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் போன பேருந்தில் நான்கு பேரைப் பிடித்தேன். ஒருவர், இந்த நேரத்தில் எந்தத் தாளிலும் கையொப்பம் வைப்பதில்லை என்றார். இன்னொருவர் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், நான் தட்டெழுதியதை எறிந்துவிட்டு, தமிழில் மூன்று பக்கம் எழுதித் தந்தார். நான் நல்ல குடும்பத்துப் பிள்ளை, பெரியவர்களுக்கு எதிர்த்துக் கதைக்காதவள், தலைமுடி வெட்டாதவள் என்றெல்லாம் அதில் இருந்தது. மணித்தியாலத்தைக் காணவில்லை.

“அண்ணை, அவைக்கு மணித்தியாலம்தான் வேணும்” என்றேன்.

“மணித்தியாலம் என்னத்துக்குப் பிள்ளை? நல்ல பிள்ளை எண்டு நான் சொன்னால் காணாதே? நீரே டேனிஷில மாத்தி எழுதும்.”

என் புகழை நானே மொழிபெயர்க்க வேண்டுமாம். கோயில் நிர்வாகத்தில் இருந்தவர் மட்டும் உடனே கையொப்பமிட்டார். முத்திரை இல்லாத கடிதம் கடிதமா என்று சொல்லி, கோயிலின் ஊதா முத்திரையை ஓங்கிக் குத்தினார். அது சரியாக மணித்தியாலத்தின் மேல் விழுந்தது. 30 என்பது எந்த இலக்கமாகவும் இருக்கலாம் என்றாகிவிட்டது.

பத்தாம் தேதி ஆனபோது பதினொன்றில் நான்கு வரிகள்தான் தேறியிருந்தன. மிகப் பெரிய வரி இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த அன்ரி ஒருவர். துணி ஆலையில் முறை வேலை. எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது ஒரு வருடம் முழுக்க அவரோடு வைத்தியசாலைக்குப் போனேன். அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர் தமிழர், எல்லார் வீட்டுக்கும் வந்து போகிறவர் என்பதால் அவரை வேண்டாம் என்று சொல்லி அன்ரி என்னைக் கேட்டிருந்தார். ஊருக்கெல்லாம் முழங்கால் வருத்தம் என்று சொல்லி வைத்திருந்தார். அது முழங்கால் அல்ல. நாற்பத்தாறு மணித்தியாலம். அந்த வரி இல்லாவிட்டால் விண்ணப்பத்தை அனுப்புவதே வீண்.

ஸ்கண்டர்போர்க்கில் ரயில் மாறிப் போனேன். அன்ரி காலை முறை முடித்து வந்து தேநீர் ஊற்றினார். கடிதத்தில் வருத்தத்தின் பெயர் இல்லை, வைத்தியசாலைக்குத் துணையாக வந்து சரியாக மொழிபெயர்த்தாள் என்று மட்டும் இருக்கிறது என்று சொன்னேன். தேதிகளின் பட்டியலையும் இணைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரலால் தொட்டார். ஆறாவதில் விரல் நின்றது.

“இந்த நாளைப் போடாதீங்க மகள்.”

நான் டயரியைப் பார்த்துத்தான் எழுதியது, அந்த நாளும் இரண்டு மணித்தியாலம் இருந்தோம் என்றேன்.

“இருந்தம். ஆனா வருத்தம் திரும்பியும் வரலாம் எண்டு டொக்டர் சொன்னவர். நீங்க அதைச் சொல்லல்ல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கிழமை தாதியிடம் கைச்சைகையும் தெரிந்த நாலு சொல்லுமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். ஏழு வருடமாக என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்கு அந்த வசனம் நினைவிருந்தது. டேனிஷில், வைத்தியரின் குரலிலேயே நினைவிருந்தது. அப்ப எனக்குப் பதினாறு வயது அன்ரி என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

“மத்த நாளுக்கெல்லாம் வைக்கிறன்” என்று அவரே பேனாவைக் கேட்டு வாங்கினார். அந்தத் தேதியின் மேல் ஒரு கோடு இழுத்தார். 46ஐ வெட்டி 44 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையொப்பம். கீழே முழுக் கையொப்பம். “சரியாக” என்ற சொல்லை அவர் தொடவில்லை. வெட்டிய கோட்டோடு அனுப்புவதா, வீட்டுக்குப் போய்ப் புதிதாகத் தட்டெழுதி இன்னொரு கையொப்பம் கேட்பதா என்று ரயிலில் யோசித்தேன். கோட்டோடே அனுப்புவதென்று முடிவெடுத்தேன்.

பன்னிரண்டாம் தேதி உறையை ஒட்டும் முன் அப்பா தாள்களைப் புரட்டினார். முழங்கால் வருத்தக்காரியின் கடிதத்தில் ஏன் வெட்டு என்று கேட்டார். கணக்குப் பிழை என்றேன். கணக்குப் பிழை விடுகிற பிள்ளை நான் அல்ல என்று அவருக்குத் தெரியும்.

மே மாதம் போர் முடிந்தது. சித்தப்பா குடும்பம் முகாமில் இருப்பது ஜூனில்தான் தெரிய வந்தது. ஜூலைக் கடைசியில் எனக்குப் பதில் வந்தது: இடமில்லை. காரணம் எழுதியிருக்கவில்லை. ஊதா முத்திரையாக இருக்கலாம், வராத ஆறு கடிதங்களாக இருக்கலாம், என்னைவிட நல்லவர்கள் பலர் இருந்திருக்கலாம்.

அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. “ரெண்டு மணித்தியாலத்தால போச்சு” என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறார். அந்த இக்காஸ்ட்காரி பெரிய மனம் வைத்திருந்தால் பிள்ளை டொக்டர் என்கிறார். கேட்கிறபோதெல்லாம் எரிச்சல் வருகிறது. மறுத்தால் அன்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் முழங்கால் இல்லை என்பது தெரிந்துவிடும். நான் எழுந்துபோய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிறேன்.