காய்ச்சல் டீச்சர்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குச் சளி பிடித்தால் போதும், பள்ளியின் தேர்ச்சி ஐந்தாறு சதவீதம் ஆட்டம் கண்டுவிடும். அவ்வளவு சின்னப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்றே வகுப்புகள். வகுப்புக்கு இருபது பேர்கூடத் தேற மாட்டார்கள். கையில் நாலு காசு உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம்தான் எங்களுக்கு. அதில் பாதி, கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி. கட்டடம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள்.

கணக்கு டீச்சர் வருடக்கணக்கில் முட்டி மோதி ஒருவனுக்குப் பின்னம் புரிய வைப்பார். அவன் வேறு ஊருக்குப் போய் மார்க் வாங்குவான், பேர் அந்தப் பள்ளிக்கு. எங்கேயும் ஒழுங்காகப் பாடம் கேட்காத இன்னொருத்தி பரீட்சை நேரத்தில் இங்கே வந்து உட்காருவாள், அவள் மார்க் எங்கள் தலையில்.

"வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பொழப்பு நம்மளது" என்பார் டீச்சர். நான் மொழிப்பாடம் எடுப்பவள். ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் இருவரும் பல வருடமாக நோட்டுத் திருத்துகிறோம்.

வருடம் தவறாமல் அதிகாரி ஒருவர் வருவார். வெளியூர்ப் பிள்ளைகள் இத்தனை பேர், அப்பா இல்லாதவர்கள் இத்தனை பேர் என்று வாசித்துவிட்டு, "இருந்தாலும் தேர்ச்சி ஏன் இவ்வளவு கம்மி?" என்று கேட்பார். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்குத் தலைமையாசிரியர் கண்டுபிடித்த மருந்துதான் காய்ச்சல். பரீட்சைக்கு வராத பிள்ளை தேர்ச்சிக் கணக்கில் சேராது. ஆகவே தேறவே மாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைகளின் வீட்டுக்கு முந்தின நாளே யாராவது போய், "நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டிலேயே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எல்லா வீடும் தெரிந்தவர் கணக்கு டீச்சர்தான் என்பதால் அந்த வேலை அவர் கழுத்தில் விழுந்தது. சந்துகளில் அம்மாக்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் காய்ச்சல் டீச்சர். அதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் அந்த வேலைக்குப் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட மாட்டார் என்று அவருடைய அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த அக்கா பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து படுக்கையில் இருப்பவர். வீடு பள்ளிக்குப் பின்தெருவில்தான். மதிய மணி அடித்ததும் டீச்சர் மூட்டுவலியோடு ஓடுவார். அக்காவுக்கு ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, தான் பாதி சாப்பிட்டும் சாப்பிடாமலும் திரும்புவார்.

போன வருடம் எட்டாம் வகுப்பில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. இந்த வருடமும் அப்படியானால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு எங்களைச் சேர்த்துவிடுவார்கள் என்று உத்தரவு வந்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். அப்புறம் மதியம் அக்காவுக்கு யார்?

தலைமையாசிரியர் கணக்குப் போட்டார். பதினாறு பேர் எழுதினால் எட்டுப் பேர் தேறுவார்கள், பாதி வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பெண்ணும் எழுதினால் போச்சு.

"ஒரே ஒரு வீடு டீச்சர். ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க" என்றார்.

நானும் கூடப் போனேன். கட்டி முடியாத கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பூசாத சுவருக்குப் பின்னால் குடியிருந்தார்கள். சிமென்ட் சாக்கைத் தைத்துக் கதவாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா சீருடையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். பெண் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள். "நாளைக்கு எனக்குக் காய்ச்சலா டீச்சர்?"

"எந்த ஊருக்குப் போனாலும் பரீட்சை அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல்தாங்க" என்றாள் அம்மா, துணியை உதறிக்கொண்டே. "நாலு ஸ்கூல் ஆச்சு. இன்னும் ஒரு பரீட்சை எழுதினதில்ல."

குரலில் கோபமே இல்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. டீச்சர் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கிக் கூர் பார்த்தார்.

"இல்லம்மா. நேரத்துக்கு வந்துடு. ரெண்டு பென்சிலா எடுத்துட்டு வா."

தெருவுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினேன். "என்ன டீச்சர் பண்ணிட்டீங்க? உங்க அக்காவை மத்தியானம் யாரு பாத்துக்குவா?"

"தெரியல" என்றார். "அவ கேட்டுட்டாளே. அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பதினேழு பேர் எழுதி எட்டுப் பேர் தேறினார்கள். அந்தப் பெண் கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று. தலைமையாசிரியர் சத்தம் போடவில்லை, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. பள்ளியைச் சேர்க்கும் உத்தரவு சீக்கிரமே வந்தது.

டீச்சர் வீட்டில் பயிற்சி தொடங்கியது. காலையிலேயே தட்டை அக்காவின் இடது கைப்பக்கம் வைத்துவிடுவது, அவரே எடுத்துச் சாப்பிடுவது. பாதி போர்வையில்தான் விழுந்தது. "நீ போடி, நான் பழகிக்குவேன்" என்று அக்கா சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது டீச்சரின் முகத்தில் அழுகைகூட இல்லை, வெறும் அசதிதான் இருந்தது.

பள்ளியின் கடைசி வாரத்தில் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கட்டடம் முடிந்துவிட்டது, மறுநாள் கிளம்புகிறார்கள். தன் பரீட்சைப் பேப்பரைக் கேட்டாள்.

விடைத்தாள்களைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. டீச்சர் கட்டைப் பிரித்து உருவிக் கொடுத்தார். சிவப்பு மையில் சரி போட்டிருந்த இடங்களை அவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பத்திரமாக மடித்தாள்.

"அடுத்த ஸ்கூல்ல இதைக் காட்டினா எனக்குக் காய்ச்சல் வராதுல்ல டீச்சர்?"

பதினோரு மார்க்கைக் காட்டினால் எந்தப் பள்ளியிலும் முதல் காய்ச்சல் இவளுக்குத்தான். நான் ஏதோ சொல்லப் போனேன். டீச்சர் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"வராதும்மா" என்றார்.

மதிய மணி அடித்தது. அந்த வாரம் வரைக்குமாவது அக்காவுக்கு ஊட்ட அவர் கிளம்பினார்.