ஜெயித்த வழக்கும் தொட முடியாத பணமும்

சுதந்திரம் வாங்கிய புதிது. வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோலாலம்பூருக்கு வந்து தூதரகம் திறந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு நாட்டின் கொடி கட்டிய கார்தான் புக்கிட் பெருவாங் ரோட்டில் எங்கள் இரண்டு கறவை மாடுகளையும் அடித்துப் போட்டது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு இல்லை, அந்தப் பேர் என் வாயில் வர வேண்டாம் என்றுதான்.

அந்த மாடுகள் எனக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டினேன். ஆளுக்கு ஒரு நிரை, அதிலுள்ள மரங்களின் பட்டையைக் கீறிப் பால் எடுக்க வேண்டும். விடியுமுன்னே பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். அவசரகாலம் மும்முரமாக இருந்தபோது எங்களை முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று, கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் வேலைக்கு விடுவார்கள். பசித்த வயிற்றோடு மரம் வெட்டிய காலம் அது. பிறகு எங்கள் பக்கத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். ஆபத்து நீங்கிய இடம் என்று அர்த்தம். ஊரடங்கு போனது. மாட்டை வேலிக்கு வெளியே மேய்க்கலாம் என்றானதும் என் வீட்டுக்காரர் என் காதுத் தோட்டை விற்று மாடு பிடித்தார். டவுன் காப்பிக்கடைகளுக்குப் பால் ஊற்றினார். நான் தோட்டத்து வேலையை விட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டும் வந்தேன்.

ஒரு காலையில் அவர் மாடுகளை ரோட்டைக் கடத்தி ஓட்டிப் போகும்போது அந்தக் கார் வந்தது. ஒரு மாடு அங்கேயே விழுந்தது, இன்னொன்று சாயந்தரம்வரை துடித்துச் செத்தது. மிஞ்சியது வீட்டில் கட்டியிருந்த சினைக் கிடாரி ஒன்றுதான்.

மலாக்கா டவுனில் ஒரு தமிழ் லாயர் வழக்கை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். தூதரகத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கவே முடியாது, அவர்களாக ஒத்துக்கொண்டு வந்தால்தான் உண்டு என்றார். அவர்களோ ஒத்துக்கொண்டு வந்தார்கள். நீதிபதி சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம் என்றார்களாம். எவ்வளவு மரியாதைப்பட்ட ஜனங்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ரப்பர் காட்டுக்குள் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் யாருமே மெதுவாக ஓட்டுவதில்லை என்று டிரைவர் சாட்சி சொன்னான். அந்த இடம் எப்போதோ வெள்ளைப் பகுதி ஆகிவிட்டது, அங்கே என்ன பயம் என்று நீதிபதி கேட்டார். தீர்ப்பு எங்கள் பக்கம்.

இங்கேதான் நாங்கள் புத்தியைக் கடன் கொடுத்தோம். மாடு செத்த அன்றே என் வீட்டுக்காரர் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாக வேண்டுதல் வைத்திருந்தார். ஜெயித்தாச்சு, இனிச் சாமிக்கு வைத்த பாக்கியைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஒரே பிடிவாதம். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் குஷிதான். கிடாரியை டுரியான் துங்கால் பக்கத்துச் சீக்கியருக்கு விற்றோம். கிடா வெட்டி, தோட்டத்து லய வீடுகளின் ஜனத்தை முழுக்கக் கூப்பிட்டுச் சோறு போட்டோம். கோர்ட்டுப் பணம் வந்ததும் நல்ல கறவையாக இரண்டு பிடித்துவிடலாம் என்று கணக்கு.

தூதரகம் பணம் கட்டவில்லை. லாயர் கோர்ட்டு உத்தரவோடு கோலாலம்பூர் பேங்குக்குப் போய், அவர்கள் கணக்கிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். பேங்குக்காரர்கள் தயங்க, தூதரகம் நீதிபதியிடம் போக, நீதிபதி அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார். அதைச் சொல்ல லாயர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வழக்குக்கு வர ஒத்துக்கொண்டது வேறு, பணத்தில் கைவைக்க விடுவது வேறு என்றார். அந்தக் கணக்கில் இருப்பது இன்னொரு அரசாங்கம் தன் வேலைக்கு வைத்திருக்கிற பணமாம். எந்தக் கோர்ட்டும் அதைத் தொடக் கூடாதாம். அவர்களாக மனசு வைத்துக் கொடுத்தால்தான்.

என் வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டார்.

"பேங்குல பணம் இருக்குங்களா?"

"இருக்கு."

"தீர்ப்பு மாறலியே?"

"இல்ல. நீங்க ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

"அப்புறம் என்னலா ஐயா?"

லாயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்றைக்கு நாம் அவர்கள் பணத்தை மடக்கினால் நாளைக்கு அவர்கள் ஊரில் நம் தூதரகப் பணத்தை மடக்குவார்கள், நம் நாடு இப்போதுதான் எழுந்து நிற்கிறது என்று எடுத்துச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குச் சொந்த நாடு என்றால் பெருமை. ஆனாலும் கேட்டார்.

"அப்ப நம்ம ஆபீஸ் காரும் அந்த ஊர்ல எவன் மாட்டயாச்சும் அடிச்சா, அவனுக்கும் இதே கதிதானுங்களா?"

லாயர் ஆமாம் என்று தலையாட்டினார். தன் கூலியை அவர் கேட்கவே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. நாட்டுக்கு நாடு மரியாதை செய்துகொள்ளட்டும், அதற்கு என் மாடுதானா கிடைத்தது என்று இன்றைக்கும் எரிகிறது.

மறுவாரம் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டில் போய் நின்றேன். பேர் பதிகிற தோட்டத்துக் கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் எங்கள் விருந்தில் கறி சாப்பிட்டவர்தான்.

"கேஸ் ஜெயிச்சுட்டீங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"ஜெயிச்சுட்டோங்க. எனக்கு எந்த நிரைன்னு சொல்லுங்க."