ஆறாவது வேட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் கிணறு வற்றியது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் ஐந்து மைல் தள்ளி எங்கள் தோட்டம். பாதி மல்லிகை, மீதியில் கத்தரியும் வெங்காயமும். அதை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. நானும் எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு பெண்பிள்ளைகளும் அதை நம்பித்தான் சாப்பிட்டோம். மாடு பூட்டிக் கமலை ஓட்டி இறைத்தால் தோல் சால் கால்வாசி சேறோடு மேலே வந்தது. ஒரு வாரத்தில் சேறும் இல்லை. அடியில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பெயர் லூர்தம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கொஞ்சம் வாய் நீளம், ரொம்ப அவசரக்காரி. சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை எழுத வேண்டுமென்றால் நான் செய்ததையும் எழுத வேண்டும். ஒன்றை மறைத்து மற்றதை எழுதினால் அது சாட்சி ஆகாது.

தண்ணீருக்காக மாதாவிடம் தினமும் ஐம்பத்துமூன்று மணி செபம் சொன்னேன். செபம் என்று சொல்கிறேனே தவிர, அது பேரம்தான். திருநாளுக்குள் ஊற்றைக் கொடு, உன் சுரூபத்துக்கு என் தோட்டத்து மல்லிகையிலேயே மாலை கட்டிப் போடுகிறேன் என்றேன். நாள் போகப் போகப் பேரம் சண்டையாக மாறியது. மல்லிகை மொட்டெல்லாம் கருகி உதிர்ந்தபோது, உனக்கென்னம்மா, நீ பாட்டுக்குக் கோயில் நிழலில் நிற்கிறாய் என்று கேட்டேவிட்டேன். தோட்டத்துப் பக்கம் திரும்பவே எரிச்சலாக இருந்தது. செடிகளைப் பார்த்தால் கோபம், காற்றடித்தால் கோபம், வீட்டுக்காரர் பொறுமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இன்னும் கோபம்.

கிணற்றை ஆழப்படுத்துவது என்று அவர் முடிவு செய்தார். பாறைக்கு வேட்டு வைக்கச் சவரிமுத்து அண்ணன் வந்தார். வாழ்நாள் முழுக்க வேட்டுச் சத்தத்தோடு பழகியவர். அதனாலேயே காது மந்தமாகிவிட்டது. பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைப்பார். திரிகளை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டுவார். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெடிக்கும், எண்ண முடியும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. நமுத்த திரி உள்ளுக்குள்ளேயே மெதுவாக எரிந்துகொண்டிருக்கும், எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்குக் காது கேட்காததால் எண்ணுகிற வேலை என்னுடையது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தத்துக்கு ஒரு மணி தள்ளுவேன். எண்ணி முடித்துக் கையைக் காட்டியதும் அண்ணன் ஒரு பீடியைப் பற்றவைப்பார். அது முடிந்த பிறகுதான் யாரையும் இறங்க விடுவார். நான்கு நாட்கள் இப்படி நடந்தது. நான்கு நாளும் எண்ணிக்கை தவறவில்லை.

ஐந்தாம் நாள் மாதா கோயிலில் கொடியேற்றம். கோயில் எங்கள் தோட்டத்துக்கு அரை மைல். அன்றைக்கு வேலை வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். நான்தான் விடவில்லை. திருநாள் தொடங்கிவிட்டால் பத்து நாளைக்கு அவரைப் பிடிக்க முடியாது. பாறை கெட்டியாக இருந்தது. ஆறு குழி போட்டு மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. மருந்து கெட்டித்த குழியை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

திரிகளுக்கு நெருப்பு வைத்துவிட்டு அண்ணன் படியேறி ஓடிவந்தார். அவரும் வீட்டுக்காரரும் நானும் வைக்கோல் போருக்குப் பின்னால் குனிந்தோம். ஒன்று வெடித்தது. இரண்டு. மூன்று. சிதறின கல் போர் மேல் வந்து விழுந்தது. நான்கு. ஐந்து. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒரு சத்தம். ஆறாவது மணியைத் தள்ளினேன்.

அந்த ஆறாவது சத்தத்துக்கு என் காலுக்கடியில் நிலம் அதிரவில்லை. முதுகுப் பக்கமிருந்து வந்த மாதிரியும் இருந்தது. ஆடிக் காற்று சத்தத்தைச் சுழற்றி அடிக்கிறது என்று நினைத்தேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் ஒன்றுமே நினைக்கவில்லை. ஊற்று வந்ததா என்று தெரிய வேண்டும், தெரிந்துகொண்டு கோயிலுக்கு ஓட வேண்டும். அது மட்டும்தான் மனதில் இருந்தது.

எத்தனை என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆறு என்றேன்.

"ஆறா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

"ஆறுதாங்க. எறங்கிப் பாருங்க, செத்த நேரத்துல கொடி ஏறிரும்."

அண்ணன் பீடியை எடுத்துக் காட்டி, இது முடியட்டும் என்று சைகை செய்தார். நான் முகத்தைச் சுளித்தேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போய்க் கல்படியில் கால் வைத்தார். முதலில் இடுப்பு மறைந்தது, பிறகு துண்டும் மறைந்தது.

எங்கள் கோயிலில் கொடி ஏறும்போது மூன்று அதிர்வேட்டுப் போடுவார்கள். பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, இஸ்பிரீத்துசாந்துவுக்கு ஒன்று. நடுநடுவில் சாமியார் செபம் சொல்லுவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது மாறியதில்லை. அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கோயில் பக்கமிருந்து ஒரு வேட்டுக் கேட்டது. சிலுவை போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டது. மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மேளமும் பாட்டும்தான் காற்றில் வந்தன. பாட்டு வந்துவிட்டால் கொடி ஏறியாயிற்று என்று அர்த்தம்.

இரண்டு வேட்டோடு கொடி ஏறுமா? முதல் வேட்டு எங்கே?

கையிலிருந்த செபமாலையைப் பார்த்தேன். என் பெருவிரல் ஆறாவது மணியில் இருந்தது. கோயிலில் போட்ட முதல் வேட்டைத்தான் நான் கிணற்றுக் கணக்கில் எண்ணியிருக்கிறேன். கிணற்றுக்குள் வெடித்தது ஐந்து. ஒன்று உள்ளே இருக்கிறது. அவரும் உள்ளே இருக்கிறார்.

எழுந்தேன், கால் நிற்கவில்லை. கத்தினேன், காற்றுதான் வந்தது. அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கத்தினாலும் அவருக்குக் கேட்காது. கிணறு இருபது எட்டு தூரம். அந்த இருபது எட்டையும் தவழ்ந்துதான் போனேன். செப மந்திரம் ஒன்றும் வாயில் வரவில்லை. மாலை போடுகிறேன் என்பதும் வரவில்லை. ஆண்டவரே, தண்ணீர் வேண்டாம், அவரை மேலே அனுப்பு. இது ஒன்றுதான் வந்தது. இதையே சொல்லிச் சொல்லித் தவழ்ந்தேன்.

கிணற்று விளிம்புக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது அவருடைய துண்டு தெரிந்தது. பிறகு முகம் தெரிந்தது. மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தூக்கணாங்குருவிக் கூடு. கிணற்றின் மேல் சாய்ந்திருந்த கருவேலங்கிளையில் அந்தக் குருவிகள் கூடு கட்டியிருந்தன. வேட்டின் அதிர்வில் ஒரு கூடு அறுந்து படிக்கல்லில் சிக்கியிருக்கிறது. பாதி தூரம் இறங்கியவர் அதைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்.

"இந்தா, புடி. குஞ்சு உசுரோட இருக்கு. அங்ஙன கெடந்தா மிதிபட்டுப் போகும்" என்று கூட்டை என் பக்கத்தில் வைத்தார். மறுபடியும் இறங்கத் திரும்பினார்.

நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். பைத்தியமா உனக்கு, விடு என்று உதறினார். விடவில்லை. கணுக்காலில் என் நகம் பதிந்து ரத்தம் வந்ததைப் பிறகுதான் பார்த்தேன். என்னைத் தூக்கி நிறுத்துவதற்காகக் குனிந்தார். அப்போது கிணற்றுக்குள் வெடித்தது.

இரண்டு பேரும் விழுந்தோம். மண்ணும் கல்லும் மேலே போய் எங்கள் மேல் கொட்டின. ஒரு கல் அவர் தோளைக் கிழித்தது. அவ்வளவுதான். அவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் படிக்கற்கள் நாலு பெயர்ந்து அடியில் கிடந்தன. நிலம் அதிர்ந்ததை உணர்ந்து ஓடிவந்த அண்ணன் எங்களைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். புழுதிக்குள் குருவிக் குஞ்சுகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேட்டில் ஊற்று ஒன்றும் பீறிட்டு வரவில்லை. பாறை கொஞ்சம் கசிந்தது, குடிக்க ஆனது. மல்லிகையில் முக்கால்வாசி செத்தது. ஐப்பசியில் எல்லாருக்கும் பெய்த மழைதான் எங்களுக்கும் பெய்தது. நான் கேட்ட தண்ணீரை ஆண்டவர் அன்று தரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன பிறகு கேட்டேனே, அதைத் தந்தார்.

ஊரெல்லாம் மாதா காப்பாற்றினாள் என்று பேசினார்கள். எப்படி இப்படி ஆனது என்று கேட்டவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர், எண்ணிக்கை தப்பிவிட்டது, தப்பு என் மேல்தான் என்றார். அண்ணன் தன் காதைத் திட்டிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் ஒருத்தரை விடாமல் பேசுகிற வாய் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு கோயிலில் முழங்கால் போடவே கூசியது. செபமாலையைத் தொட்டால் விரல் ஆறாவது மணியில் போய் நின்றது. ஆகவே களை எடுக்கிற சாக்கில் விடியும்போதே தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் வாழைநார் போட்டுக் கிளையில் திரும்பக் கட்டிய கூட்டுக்குத் தாய்க்குருவி வந்துவிட்டது. பத்து வருஷமாக என் தலைக்கு மேல் இருந்த குருவிகளை அப்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். ஆண் குருவி நாரைக் கிழித்துவந்து நாள் முழுக்க முடிச்சுப் போடும். பெட்டைக் குருவி வந்து உள்ளே எட்டிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். ஆண் குருவி மறுபடி முதலிலிருந்து கட்டும். எங்கள் வீட்டுக்காரர் நினைவு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. வேட்டுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கருவேல நிழலில்தான் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒன்றும் கேட்காமல் செபம் செய்வது அவசரக்காரிக்குச் சுலபமில்லை. முதலில் குருவிக்கு நன்றி சொன்னேன். பிறகு கத்தரிப் பிஞ்சுக்கு, ஈர மண் வாசனைக்கு, பட்ட மல்லிகை மூட்டில் விட்ட துளிருக்கு. கமலை ஓட்டிக்கொண்டே அவர் பாடுகிற சத்தம் கேட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நன்றி சொன்னேன். மனம் அமைதியானது. ஆனால் முழுசாக ஆகவில்லை. ஒரு முள் உள்ளேயே இருந்தது.

அந்த முள் ஏழு வருஷம் இருந்தது. போன தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்து இதைச் சொன்னபோது சாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இதை உன் புருஷனிடம் சொல்லிவிட்டாயா என்று. மறுநாள் காலையில் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார், நான் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். ஆறாவது சத்தம் கோயில் வேட்டு, அப்போதே என் காலுக்கடியில் நிலம் அதிரவில்லை, அவசரத்தில் ஆறு என்று சொல்லிவிட்டேன், உங்களைக் கொல்லப் பார்த்தேன், இத்தனை வருஷம் பழியை உங்கள் மேல் விட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தாலும் சரி என்றுதான் நின்றேன்.

அவர் மண்வெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும். எனக்கு அஞ்சுதான் கேட்டுச்சு" என்றார்.

"பெறகு ஏன் எறங்குனீங்க?"

"நீ ஆறுன்னு சொன்னியே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எறங்கிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "மடைய மாத்து புள்ள, தண்ணி வெளிய போகுது" என்றார்.

மடையை மாற்றினேன். அழுகை நிற்கவில்லை.

சகோதரிகளே, சகோதரர்களே, விசுவாசம் என்றால் என்னவென்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது அந்தக் கத்தரிப் பாத்தியில்தான். தன் காதில் கேட்டது வேறாக இருந்தும், அவசரக்காரியான என் வாய்ச்சொல்லை நம்பி ஒரு மனுஷர் கிணற்றில் இறங்கினார். என் சொல்லோ தப்பு. தப்பே சொல்லத் தெரியாத ஆண்டவர், பயப்படாதே, நான் இருக்கிறேன் என்கிறார். அவரிடம் போய் இத்தனை வருஷம் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் பேரம் பேசாதீர்கள். நம்பி இறங்குங்கள்.