நாற்பத்து மூன்று நிமிடம்

ஐந்தரைக்கு வருவதாகச் சொன்ன ஷ்யாம்சுந்தர் காலிங்பெல்லை அடித்தபோது மணி ஆறு பதினெட்டு. சுந்தரராமன் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகுதான் கதவைத் திறந்தார்.

மூன்று வருடமாக அந்த மனிதர் இந்த வாசற்படியை மிதித்ததில்லை. மிதிக்கிற முகமும் அவருக்கு இல்லை என்றுதான் சுந்தரராமன் நினைத்திருந்தார். வந்தவரோ சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, பெண் ஸ்ரீவித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதையும், சம்பந்தி புனேக்காரர் என்பதையும், தமிழ்நாட்டையே சரியாகப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னதையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனார். தஞ்சாவூரில் மூன்று நாள் தங்க வேண்டும். பகலில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்விட்டு ராத்திரி தஞ்சாவூருக்கே திரும்பிவிட வேண்டும். சம்பந்தியின் குலதெய்வமும் அந்தப் பக்கம்தான். கல்யாணத்துக்கு முன்னால் நடக்கிற முதல் மரியாதை, அதில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது.

"உங்க நோட்டு மாதிரி வேற யார்கிட்ட இருக்கு மாமா? நீங்கதான் ப்ளான் போட்டுத் தரணும்."

காபி கொண்டு வந்த மனைவி பாலாம்பாள் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சுந்தரராமன் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். எந்த ரயில் எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குக் கடந்தது என்று கோடு கிழித்துக் குறித்த கை, ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. இரும்புலியூர் ஃப்ளாட்டில் ஒரு பீரோ முழுக்க நோட்டுகள். தண்ணீர் லாரி வந்த நேரம், போய் வந்த ஊர்கள், எந்தக் கோயில் நடை எப்போது திறந்து எப்போது சாத்தும், அர்ச்சகரின் போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அதில் ஒரு பக்கம் மட்டும் அவருக்குப் பார்க்காமலே ஒப்பிக்க வரும்.

மூன்று வருடத்துக்கு முன் ஆயுதபூஜை விடுமுறைக்குக் காலனி சங்கம் இதே தஞ்சாவூருக்கு பஸ் ஏற்பாடு செய்தது. பயணத் திட்டத்தை எழுதியவர் சுந்தரராமன். செயலாளர் ஷ்யாம்சுந்தர். அதிகாலை ஐந்தரைக்குப் பெருங்களத்தூரில் பஸ் ஏற வேண்டும். சுந்தரராமனும் பாலாம்பாளும் ஐந்து பதினான்குக்கே அங்கே போய்விட்டார்கள், கையில் நாற்பது பேருக்குக் கிளறிய புளியோதரையோடு. பஸ் இல்லை. ஐந்து ஐந்துக்கே போய்விட்டது என்றார் டீக்கடைக்காரர். போன் அடித்தால் ஷ்யாம்சுந்தர் எடுக்கவில்லை. ஊருக்குப் போகிற கூட்டம் முட்டி மோதிய அந்த ரோட்டோரத்தில், தூக்கின் மேல் கை வைத்தபடி பாலாம்பாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு புளியோதரையைப் பஸ்ஸுக்குக் காத்திருந்த முகம் தெரியாதவர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது. புறப்படும் நேரம் நாலே முக்காலுக்கு மாறிவிட்டதென்று முந்தின நாள் எல்லோருக்கும் மெசேஜ் போயிருக்கிறது. சுந்தரராமன் தன் போனைக் காட்டினார். அதில் மெசேஜ் இல்லை. "மாமா தெரியாம டிலீட் பண்ணியிருப்பார். வயசாறதில்லையா" என்றார் ஷ்யாம்சுந்தர். கூட்டம் சிரித்தது. அந்த இரண்டு சீட்டில் ஷ்யாம்சுந்தரின் மச்சினனும் அவர் மனைவியும் போய்வந்த போட்டோக்கள் ஒரு வாரம் கழித்துக் கண்ணில் பட்டன. வாழ்நாளில் ஒரு ரயிலைக்கூடத் தவறவிடாத மனிதருக்கு, காலனியில் நேரம் தவறுகிற கிழவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பால்காரர்கூட, "அசோசியேஷன் மீட்டிங் ஆறு மணிக்கு சார், மறந்துடப் போறீங்க" என்று ஞாபகப்படுத்தினார்.

இப்போது அவர் ஷ்யாம்சுந்தரிடம், "ஞாயித்துக்கிழமைக்குள்ள தரேன். ஆனா ஒண்ணு. ப்ளானோட ஒரு காப்பி சம்பந்திக்கும் நேரா போயிடணும்" என்றார்.

"பேஷா, மாமா. அவரும் உங்களை மாதிரிதான், டயம்னா டயம்."

ஷ்யாம்சுந்தர் போனதும் சுந்தரராமன் இரண்டு நோட்டுகளை எடுத்தார். ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று சங்கக் கூட்டங்கள். அதில் இருபத்து மூன்று கூட்டங்களுக்குச் செயலாளர் வந்து சேர்ந்த நேரம் குறித்திருந்தது. குறைந்த தாமதம் இருபத்தைந்து நிமிடம், அதிகம் எழுபது. கூட்டி வகுத்துப் பார்த்தார். நாற்பத்து மூன்று.

பொய் நேரம் எழுத அவர் கை வராது. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. குடமுருட்டிக் கரைச் சிவன் கோயிலில் ஒரு கால பூஜைதான். அர்ச்சகர் ஏழரைக்குத் திறந்து எட்டரைக்குப் பூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஹோட்டலிலிருந்து ஐம்பது நிமிடம். ஆகவே, புறப்பாடு ஏழு மணி. ஏழுக்குப் புறப்படுகிறவனுக்கு நிதானமான தரிசனம் கிடைக்கும். நாற்பத்து மூன்று நிமிடம் தாமதிக்கிறவனுக்குப் பூட்டு. வெண்ணாற்றங்கரைப் பெருமாளுக்கும் இதே கணக்கு. சொல்லிவைத்தால் சமைத்துப் போடும் கிராமத்து வீடு ஒன்று உண்டு, ஒரு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அங்கே பன்னிரண்டரைக்கு இலை என்று எழுதினார். மூன்று நாளும் எந்த வரியிலும் நாற்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடவில்லை.

ஒரே ஓர் இடத்தில் பேனா நின்றது. சம்பந்தியின் குலதெய்வம். அங்கே மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டு, அர்ச்சகருக்கும் போன் பண்ணிச் சொல்லிவைத்தார்.

பாலாம்பாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழ் வரை படித்தாள். "எங்களுக்குப் போடறச்சே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மணி நேரம் தாராளமா விடுவேளே" என்றாள்.

"அது உனக்கு."

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு முப்பத்தாறுக்குப் போன் வந்தது. நடை சாத்தியிருக்கிறதே என்றார் ஷ்யாம்சுந்தர். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டார் சுந்தரராமன். இப்போதுதான் என்றார் ஷ்யாம்சுந்தர். எட்டரை வரைதான் என்று இரண்டாவது வரியிலேயே இருக்கிறதே என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். மதியம் ஒன்று பத்துக்கு இன்னொரு போன். இலையை எடுத்துவிட்டார்களாம். சனிக்கிழமை பெருமாள் கோயில் வாசலிலிருந்து ஒன்று. அதில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், இன்றைக்கும் பூட்டா என்று கேட்டது. சுந்தரராமனுக்குக் காபி அன்று வழக்கத்தைவிட ருசித்தது. குலதெய்வக் கோயிலிலிருந்து போன் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தாம்பரத்தில் ரயில் ஏறுவதற்கு முன், யாரும் எதிர்பாராமல் சம்பந்தி ஸ்ரீநிவாசன் மாடியேறி வந்தார். மெலிந்த, சட்டைக் கைப்பொத்தானைப் போட்ட மனிதர். மூன்று நாளும் வேன் ஓட்டிய டிரைவர் சிட்டிபாபு பின்னால் நின்றான். ஸ்ரீநிவாசன் மடித்த தாளை விரித்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவரும் பென்சிலால் நேரம் குறித்திருந்தார்.

"மூணு நாளும் நாங்க பத்து நிமிஷம் முன்னாடியே வேன்ல உட்கார்ந்திருந்தோம். உங்க நேரத்துல ஒரு தப்பு இல்லை. ஆனா எங்க குலதெய்வத்துக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஏன் விட்டேள்?"

"உங்க பேர்ல எனக்கு ஒரு கோபமும் இல்லை."

ஸ்ரீநிவாசன் தலையை ஆட்டினார். மீதிக் கதையை வரும் வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் டிரைவர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்த ஆயுதபூஜை பஸ்ஸை ஓட்டியவனும் சிட்டிபாபுதான் என்பது சுந்தரராமனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மன்ச்சிக்க சார். நான் அன்னிக்கே செகரட்ரிகிட்ட கேட்டேன், ரெண்டு பேரு வர்ல போலகீதே, வெய்ட் பண்லாமான்னு. அவங்களுக்கு மெசேஜே போடல, நீ வண்டிய எடுன்னு சொல்ட்டாரு. முந்தாநாளு கோயிலாண்ட, அந்தக் கெழவனுக்கு இன்னா தெரியும்னு அவரு உன்னிய பேசிகினே வந்தாரு. அதான் என்னால வாய வெச்சிகினு சும்மா இருக்க முடில."

ஸ்ரீநிவாசன் வாசலுக்குப் போய்க் கீழே பார்த்து, மேலே வரும்படி கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. பெண்ணைக் கொடுக்கப்போகிற வீட்டுக்காரர் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. ஷ்யாம்சுந்தர் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். மாமாவிடம் இல்லை, மாமியிடம் சொல்லுங்கள் என்றார் ஸ்ரீநிவாசன்.

பாலாம்பாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஷ்யாம்சுந்தர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மெசேஜ் உங்களுக்கு மட்டும் அனுப்பவில்லை. மச்சினனுக்கு சீட் வேண்டியிருந்தது. தப்புதான்.

"நாற்பது பேருக்குப் புளியோதரை" என்றாள் பாலாம்பாள்.

"இதையே அடுத்த மீட்டிங்ல சொல்லணும்" என்றார் சுந்தரராமன். "மினிட்ஸ்ல ஏறணும்."

ஷ்யாம்சுந்தர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று தலையசைத்துவிட்டு, "இதோட மறந்துடுங்கோ மாமா" என்றார் ஷ்யாம்சுந்தர்.

சுந்தரராமன் பீரோவைத் திறந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே அந்த இடத்தில் விரிந்தது.

"சிட்டிபாபு, அன்னிக்கு வண்டியைச் சரியா எத்தனை மணிக்கு எடுத்தே?"

"அஞ்சு மூணு சார். டிரிப் ஷீட்ல எழுதிட்டுத்தான் எடுத்தேன்."

டீக்கடைக்காரர் சொல்லி எழுதிய ஐந்து ஐந்தை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தார். மேலே ஐந்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் சாட்சி சிட்டிபாபு என்று குறித்து, திருத்திய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். மை காயும் வரை நோட்டை ஷ்யாம்சுந்தரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.