ஒட்டுக்காரி தொடாத வரிசை

நர்சரியில் அவளுக்குப் பேர் ஒட்டுக்காரி. ரோஜாத் தண்டின் பட்டையைக் கீறி, வேறொரு ரோஜாவின் மொட்டை அதற்குள் செருகி, நாடா சுற்றிக் கட்டுவதுதான் பிழைப்பு. மற்றவர்கள் கட்டியதில் பாதி காய்ந்துபோகும். அவள் கட்டியது காய்ந்ததே இல்லை. கைராசி என்றால் அப்படியொரு கைராசி! வாயும் லேசுப்பட்டதல்ல. "கத்தி பிடிக்கத் தெரியாதவன்லாம் வெங்காயம் உரிக்கப் போங்கடா" என்பாள்.

தம்பி இருந்த வேலையை உதறிவிட்டு ரோஜாத் தோட்டம் போட்டபோது, அத்தனை செடியும் அவளே கட்டிக் கொடுத்தாள். அம்மா போனபின் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தானே. "அக்கா கை பட்டா பட்ட மரமும் துளிர்க்கும்" என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். தோட்டம் விளங்காவிட்டால், அதற்காக அடகு வைத்த வீடும் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் பூ வந்த சமயம், ஒரு செடியின் தூரில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அவளுக்குத் திக்கென்றது. தம்பியிடம் மூச்சு விடவில்லை, பயந்துபோவான், பாவம். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் கத்தி ஒன்றுதான். அவன் சந்தைக்குப் போனதும் கட்டியைச் செதுக்கி எடுத்தாள். கத்தியை வாளித் தண்ணீரில் அலசி, உள்ளே ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று அடுத்த செடியின் தூரையும் கீறிப் பார்த்தாள். மறுபடி வாளி, மறுபடி அடுத்த செடி. வேலியோர வரிசை மட்டும் பாக்கி இருந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது.

சில வாரங்களில் கீறிய இடமெல்லாம் கட்டி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்! தம்பி பதறிப்போய் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினான். வீட்டில் கிடக்கச் சொல்லியும் கேளாமல், இடுப்பைப் பிடித்தபடி அவளும் கூடப் போனாள்.

அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "இது பாக்டீரியாம்மா. மண்ணுல சும்மா கிடக்கும். கெடுதல் பண்ற ஜீன்லாம் அதுக்குள்ள அணைஞ்சே இருக்கும். செடில காயம் பட்டா சாறு கசியுதில்ல, அது பட்டதும்தான் அந்த ஜீன்லாம் வேலை செய்யும். தன்னோட ஜீன்லேர்ந்து ஒரு துண்டைச் செடிக்குள்ள நுழைச்சிடும். அப்புறம் கிருமியே செத்தாலும் கட்டி வளர்றது நிக்காது."

"செதுக்கி எடுத்துட்டா?" ஒட்டுக்காரி கேட்டாள்.

"ஐயோ, வெட்டினா அதுவே புதுக் காயம்தானே. கத்தியைத் தண்ணில அலசினாலும் போகாது. பிடுங்கி எரிச்சுடுங்க."

வாளி அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. வழியெல்லாம் பாவி, பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் தம்பி செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி நெருப்பில் போட்டான். வேலியோரம் வந்தவன் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு தூராகத் தடவினான். அவன் முகத்தில் உயிர் வந்தது.

"அக்கா! இங்க ஒண்ணுலகூட இல்ல! இந்த வரிசைக்கு மட்டும் நீ என்ன பண்ணினே? சொல்லு, மிச்சத்தையும் காப்பாத்திடலாம்."

"ஒண்ணும் பண்ணலடா" என்றாள். "இதுக்கு வர்றதுக்குள்ள முதுகு பிடிச்சிட்டுது."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த கத்தியைப் பார்த்தான். பிறகு அவளுக்கும் அந்த வரிசைக்கும் நடுவில் வந்து நின்றான்.

"நீ வீட்டுக்குப் போ, அக்கா."