நாற்காலியில் உட்காராத கண்காணிப்பாளர்

ஹபீப் சாரின் மனைவி ராபியா அக்கா போனில் அழவில்லை. "அவரு மவுத்தாயிட்டாரும்மா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "திங்கக்கெழம கேஸு என்னாவும்?" என்று கேட்டார். எனக்கு ஹபீப் சாரின் சாவை நினைத்து அழுவதா, வழக்கை நினைத்துப் பதறுவதா என்று தெரியவில்லை.

அரசு மருந்துக் கிடங்கில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குக் கதை தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றதும் இயக்குநர், மேல்நிலை எழுத்தரான ஹபீப் சாரிடம், "கொஞ்ச நாள் பாத்துக்குங்க" என்று வாயால் சொன்னதோடு சரி. ஆர்டர் வரவில்லை. அந்தக் கொஞ்ச நாள், அவரே ஓய்வு பெறும்வரை நீண்டது. சம்பளம் மட்டும் எழுத்தர் சம்பளம்.

அவரும் கண்காணிப்பாளரின் நாற்காலியில் உட்காரவே இல்லை. மேசைக்குப் பக்கவாட்டில் தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். வருகிறவர்கள், "சூப்பிரண்டு எப்ப வருவாரு?" என்று அவரிடமே கேட்பார்கள். "நாற்காலி கடிக்குமா சார்?" என்று நாங்கள் சீண்டுவோம். "ஆர்டர் வரட்டும்மா, உக்காந்துக்கறேன். அதுக்கு முன்னாடி உக்காந்தா மரியாதயா இருக்காது" என்பார்.

அந்த மரியாதைதான் அவர் கழுத்தைப் பிடித்தது. பொறுப்பு பார்த்த காலத்துக்கான சம்பள வித்தியாசம் கேட்டு வழக்குப் போட்டபோது, அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை, நாற்காலி காலியாகத்தான் இருந்தது என்று துறை பதில் போட்டது. புயல் மழையில் கிடங்குக்குள் தண்ணீர் ஏறியபோது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, குளுக்கோஸ் பெட்டிகளைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னவர் யார்? இயக்குநர் அன்று போனையே எடுக்கவில்லை.

சாட்சி சொல்ல நான் வருகிறேன் என்றேன். பதறிவிட்டார். "வேணாம்மா. நீ இன்னும் சர்வீஸ்ல இருக்க. உன்ன எங்கியோ தொலவுல இருக்கற ஏனாமுக்குத் தூக்கிப் போட்டுட்டா புள்ளைங்கள யாரு பாப்பாங்க?" அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம், எதிலும் கையெழுத்துப் போட்டுவிடவில்லையே என்று கேட்பார். எனக்கே எரிச்சல் வரும். வழக்கு தோற்றுவிடுமோ என்பதைவிட அவருக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

வாரிசாக அக்காவைச் சேர்த்தால் வழக்கு நடக்கும் என்கிறார் வக்கீல். ஆனால் சார் பார்த்த வேலையை நேரில் கண்டவர்கள் சொல்ல வேண்டுமாம். அக்காவுக்குக் காசு மட்டுமே கவலை இல்லை. "அவரு ஒண்ணுமே பாக்கலன்னு எழுதிட்டாங்களேம்மா" என்றுதான் மறுபடியும் மறுபடியும் சொல்கிறார்.

சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் எனக்காகப் பயந்தார். இனி அந்தப் பயத்தை அக்காவுக்காக நான் படுகிறேன். இதைப் படிக்கிற நீங்களும் அவர் வேலை பார்த்ததை அந்த அறையில் இருந்து பார்த்தவர்கள்தானே? திங்கட்கிழமை காலையில் நீதிமன்ற வாசலில் நிற்பேன். தனியாக நிற்கத்தான் பயமாக இருக்கிறது.