பதினேழாம் எண் வீட்டில் ஒருவர்

என் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எதற்கு வரும் என்பதுதான் வேடிக்கை. சாப்பாட்டில் உப்பில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டாள்; பூச்சியத்தை யாராவது “அது ஒரு எண்ணா?” என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். பதினெட்டு வருஷம் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தை மூடியதும், வீடு வீடாகப் போய் ஆள்கணக்கு எடுக்கிற வேலைக்கு வந்தாள். நாங்கள் இருவருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்: அவளும், தையல் கடை வைத்திருக்கும் நானும்.

பின் தெருவில் பதினேழாம் எண் வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கதவு முழுக்கச் சிலந்தி வலை. ஆபீசில் கொடுத்த டேப்லெட்டில், எத்தனை பேர் என்ற கட்டத்தில் அக்கா 0 தட்டினாள். ‘முழு எண் மட்டும் உள்ளிடவும்’ என்று சிவப்பாகக் காட்டியது. மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு. என் கடைக்கு வந்து உட்கார்ந்து, ஆபீசுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“மேடம், அந்தக் கட்டம் ஒண்ணுலேர்ந்துதான் எடுக்கும்” என்றது ஒரு ஆண் குரல்.

“ஏம்ப்பா, ஒண்ணு, ரெண்டு, மூணு இயல் எண். அதோட பூச்சியத்தைச் சேர்த்தா முழு எண். மைனஸையும் சேர்த்தா முழுக்கள். ஆறாங்கிளாஸ் பிள்ளை சொல்லுமே! நீங்க இயல் எண்ணைக் கேட்டுட்டு முழு எண்ணுன்னு எழுதி வச்சிருக்கீங்க.”

“அப்போ காலியா விடுங்க.”

“காலியா விட்டா நான் போகவே இல்லைன்னு அர்த்தம். போனேன், பார்த்தேன், ஆள் இல்லை. அது ஒரு பதில். அதுக்குத்தான் பூச்சியம்.”

“இப்போதைக்கு ஒண்ணு போடுங்க மேடம். அப்புறம் பார்த்துக்கலாம்.”

ஐந்து மணிக்குள் தெருக் கணக்கு முழுவதையும் அனுப்பியாக வேண்டும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு 1 தட்டினாள். டேப்லெட் அதோடு விடவில்லை. அந்த ஒருவர் ஆணா பெண்ணா, வயது என்ன, என்ன வேலை என்றெல்லாம் கேட்டது. இல்லாத ஆளுக்கு எங்கே போவது? தன்னுடையதையே போட்டாள். பெண், நாற்பத்தாறு, கணக்கு ஆசிரியை. “நாளைக்கு மாத்திக்கலாம்டி” என்றாள்.

மாற்ற முடியவில்லை. பத்து நாள் கழித்துச் சரிபார்க்கும் பட்டியல் வந்தது. ‘பதினேழாம் எண், ஒருவர். நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கவும்.’

துணைக்கு நானும் போனேன். காலை பதினொரு மணி, சுள்ளென்ற வெயில். கதவில் பூட்டு இல்லை, வலையும் இல்லை. வாசல் மிதியடி ஈரமாக இருந்தது.

“யாரோ குடி வந்திருக்காங்க. நல்லதாப் போச்சு” என்று அக்கா கதவைத் தட்டினாள்.

“வரேன், வரேன். கதவை உடைச்சிடாதீங்க!”

உள்ளேயிருந்து வந்தது அக்காவின் குரல். எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவள் இதையேதான் சொல்வாள். நான் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே யாரையும் காணோம்.

“நான் போட்ட தப்பு. நானே கேட்டுட்டு வரேன். நீ இங்கயே இரு” என்றாள் அக்கா.

“அக்கா, வேணாம்க்கா!”

கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் தெருக்கோடிக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வந்தபோது அதில் பழைய பூட்டு தொங்கியது, வலையும் இருந்தது. போலீஸ் வந்து உடைத்தார்கள். தரையில் விரல் கனத்துக்குத் தூசி, ஒரு காலடி கூட இல்லை. “கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போயிருப்பாங்கம்மா” என்றார் ஒரு போலீஸ்காரர். அவரை நான் அன்று திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பிறகு ஆபீசில் கேட்டேன். எங்கள் வீட்டுக் கணக்கில் ஒருவர் என்றுதான் இருந்தது. ஒரே ஆள் இரண்டு வீட்டில் இருக்கக் கூடாதாம். இயந்திரமே ஒரு இடத்தில் கழித்துவிட்டதாம்.

அன்றிலிருந்து கடை திறப்பதற்கு முன் தினமும் போய் அந்தக் கதவைத் தட்டுகிறேன். “வரேன், வரேன். கதவை உடைச்சிடாதீங்க!” வருவதில்லை. ஆனால் ஒரு நாளும் சொல்லத் தவறியதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் இருப்பது அதைவிடப் பயம்.

ஆறு மாதம் கழித்து, போனில் பேசிய அதே ஆள் டேப்லெட்டோடு கடைக்கு வந்தார்.

“உங்க அக்கா சொன்னதுதான் மேடம் சரி. இப்போ பூச்சியமும் எடுக்கும். அந்த வீட்டை மட்டும் சரி பண்ணணும். அக்கம்பக்கத்துல ஒருத்தர் பார்த்து உறுதி பண்ணணுமாம்.”

கூடப் போனேன். புதுப் பூட்டு தொங்கியது. டேப்லெட்டை என்னிடம் நீட்டி, “சைபர் தட்டுங்க, போதும்” என்றார். கட்டத்தின் கீழே ‘0 முதல்’ என்று எழுதியிருந்தது. இந்த ஒரு எண்ணுக்காகத்தானே அவள் அப்படித் தொண்டை கிழியக் கத்தினாள்!

என் விரல் 0 மேல் நின்றது. மற்ற கையால் கதவைத் தட்டினேன்.

“வரேன், வரேன்...”

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “யாரும் இல்லையே மேடம், எதுக்குத் தட்டுறீங்க?” என்றார்.

விரலை நகர்த்தி 1 தட்டினேன்.

“யாரு இருக்காங்க?”

“எங்க அக்கா” என்றேன். “வரேன்னு சொல்லியிருக்கா.”